ஆவரம்பூக் குடிநீரும் ‘தேநீர்’ என்னும் பெயரும்

ஆவரம்பூ, வில்வம்பூ, நன்னாரி வேர், கொத்தமல்லி ஆகியவற்றை நீரிலிட்டுப் பெறுவதை மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளிற் குடிநீர் என்பர். கடைப்பொதியோ அதனை ‘மூலிகைத் தேநீர்’ என்கிறது. பெயர்மாற்றம் தற்செயலானதன்று. ‘தே’ என்பது ஐரோப்பிய வணிகர் வழியே பரவிய சீன வட்டாரச் சொல். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன் பின்னர், மலையகத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிற் பெருகிய அப்பண்டமே ஏனைய பானங்களுக்கும் பெயர் கொடுக்கலாயிற்று. வேலியோரத்தில் விலையின்றிப் பறித்த பூ இன்று அப்பெயரோடு விலைப்பண்டமாக மீள்கின்றது.

பெயர்மயக்கம் வாங்குவோரையும் ஏமாற்றவல்லது. தேயிலையிற் கஃபீன் உண்டு. மேற்கூறிய பூ, வேர், விதைகளில் இல்லை. ஆனால் பழமும் இஞ்சியும் மணக்கும் பொதிகள் பலவற்றின் அடிப்படை தேயிலையே. கஃபீன் நீக்கிய தேயிலையிலும் சிறிதளவு எஞ்சும். எனவே முகப்புப் படத்தை விடுத்து உள்ளடக்கத்தை வாசித்தல் வேண்டும். இவற்றை நோய்தீர்க்கும் மருந்தென விற்போரின் கூற்றை நாம் ஐயுற்றே நோக்குகின்றோம்.

பூ நன்கு உலர்ந்து, பூஞ்சணம் பற்றாததாயிருத்தல் வேண்டும். கொதிநீரை ஊற்றி ஐந்தாறு நிமிடம் மூடிவைத்தாற் போதும். வேரும் விதையும் மெல்லிய தீயிற் கூடுதல் நேரம் வேண்டுவன. நன்னாரியைத் திறந்த பாத்திரத்திற் காய்ச்சினால் மணம் ஆவியோடு போய்விடும்.