பாண்டிக் கட்டத்தில் பிரெஞ்சு

கீரப்பாளையத்துக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இரண்டு ஊர்களுக்கு நடுவில் கிடக்கிறது இந்த வட்டாரம். பக்கத்துச் சிதம்பரத்தில் பஸ் ஏறி 65 கிலோமீட்டர் போனால், புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் சேர்த்து எழுதிய தெருப் பலகைகளைப் பார்க்கலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மிரட்சி தர நியாயமே இல்லை. ஆனால் அதைப் பாடமாக வைத்திருக்கும் தனியார் பள்ளி வகுப்புகளில் அது வேப்பங்காயாய்க் கசக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டைப் புரட்டினேன். ஒரே வினைச்சொல் பட்டியல் ஐந்து முறை. ஓரத்தில் சிவப்பு மையில் டிக். "உன் பேர் என்னன்னு பிரெஞ்சுல சொல்லுப்பா" என்றேன். "அது இன்னும் நடத்தலை அங்கிள்" என்றான்.

இதே பையன் சாயங்காலம் தெருவில் பாண்டி ஆடுகிறான். பிரான்சிலும் பிள்ளைகள் தரையில் கட்டம் போட்டு, சில்லு எறிந்து, நொண்டியடித்துத்தான் ஆடுகிறார்கள். அங்கே முதல் கட்டம் பூமி, கடைசிக் கட்டம் வானம். நம் கட்டத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எண்களைப் போட்டு, காலை ஊன்றும்போதெல்லாம் பிரெஞ்சில் சொல்லச் சொன்னால் போதும். சொல்லத் தவறியவர் அவுட். இன்னொன்று: ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து நின்று 'அன், தே, த்ருவா, சொலேய்' என்று சொல்லிவிட்டுச் சட்டெனத் திரும்புவாள், அசைந்து மாட்டியவர்கள் ஆரம்பக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, சூரியன். அவ்வளவுதான் அர்த்தம்.

பெரியவர்களே தடுமாறும் பிரெஞ்சு எண்களுக்குப் புளியங்கொட்டை போதும். பிரெஞ்சில் 80 என்பது நான்கு இருபது. 99 என்பது நான்கு இருபது, பத்து, ஒன்பது. இருபது இருபதாக நான்கு குவியல், பக்கத்தில் பத்து, அதற்குப் பக்கத்தில் ஒன்பது என்று பிள்ளை தன் கையால் கொட்டைகளை அடுக்கட்டும். கூடவே வாயாலும் சொல்லட்டும். மனப்பாடம் எதற்கு? கணக்கும் சேர்ந்தே ஏறிவிடும். வினைச்சொல்லுக்கும் பட்டியல் வேண்டாம். வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று ஆளுக்குத் தக்கபடி வினையை மாற்றுவது தமிழ்ப் பிள்ளைக்கு வாயில் ஊறிய பழக்கம். பிரெஞ்சு இலக்கணம் கேட்பதும் அதைத்தான்.

தமிழே தடுமாறும்போது பிரெஞ்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் விளையாட்டு தமிழை விரட்டாது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரசுப் பள்ளிகள் பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்றுதானே தமிழையே கற்றுத்தருகின்றன?

என் கவலை வேறு. பிளஸ் ஒன்னில் "பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம்" என்ற கணக்கு ஊரறிந்தது. அந்தக் கணக்கு இப்போது ஒன்றாம் வகுப்பு வரை இறங்கி வருகிறது. அப்பா அம்மா மார்க் கேட்கிறார்கள். பள்ளி எழுத்துத் தேர்வு வைக்கிறது. டீச்சர் பட்டியலை எழுத வைக்கிறார். பேச்சுக்கு ஏது நேரம்? பிரான்சு அரசு சிறுவர்களுக்கென நடத்தும் டெல்ஃப் பிரிம் தேர்விலேயே 100-ல் 25 மதிப்பெண் கேட்பதற்கு, 25 பேசுவதற்கு. பாதி மார்க் காதுக்கும் வாய்க்கும்! நம் எழுத்துத் தேர்வில் அதற்கு ஒரு மார்க்கும் இல்லை.

ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பிரெஞ்சுக்கு எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் நோட்டைக் கேட்காதீர்கள். இன்றைக்கு என்ன ஆடினாய் என்று கேளுங்கள்.