சான்றிதழ்க் கோப்பும் முந்திரித் தோப்பும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவரும் நாள்களில், பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பங்குகளில் பெற்றோர் பலர் தடித்த கோப்பொன்றைச் சுமந்து வரக் காண்கிறோம். கராத்தே, அபாகஸ், ஓவியம், பேச்சுப்போட்டி எனச் சான்றிதழ்கள் அடுக்கடுக்காய் இருக்கும். "சாமி, இதெல்லாம் காலேஜிலே செல்லுமா?" என்பதே அவர்தம் கேள்வி. இவற்றுக்கெனக் கடன்பட்டோரும் உளர். ஆதலின் ஒளிவின்றி விடை கூறுதல் நம் கடமை.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் அவை பெரும்பாலும் செல்லா. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத்தேர்வு நீங்கியபின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. விளையாட்டு வீரர்க்கு மட்டும் மாநிலம் முழுமைக்கும் 500 இடங்கள் தனியே உண்டு. கோடை முகாமில் வந்தவர்க்கெல்லாம் வழங்கிய தாள் அங்கே எடுபடாது.

சென்னை ஐ.ஐ.டி. 2024-இல் விளையாட்டுக்கும், 2025-இல் கலைக்கும் கதவு திறந்தது. ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள். அவற்றுள் ஒன்று பெண்களுக்கு. ஆயினும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியே ஆகவேண்டும். தில்லிப் பல்கலைக்கழகம் இசை, நாடகம், விவாதம் ஆகியவற்றுடன் தேசிய மாணவர் படையையும் கணக்கில் கொள்கிறது. காக்கி உடுப்பணிந்து அதிகாலையில் அணிவகுக்கும் பிள்ளையை, "படிப்பு கெடும்" என்று தடுப்போர் இதனை அறிவாராக.

இனி, நம் வீடுகளில் எவரும் பொருட்படுத்தாத ஒன்றைக் கூறுவோம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவாய் அமைந்த விண்ணப்பத்தில் பத்துச் செயல்கள் வரை எழுத இடமுண்டு. வாரத்திற்கு எத்தனை மணி, ஆண்டிற்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் குடும்பப் பொறுப்பும் கூலி வேலையும் தனி வகைகளாகவே உள்ளன! தாய் வெங்காய வயலுக்குச் சென்றபின் தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் பெண்ணும், விடுமுறையில் ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் பையனும் வெட்கப்பட்டு மறைப்பது அங்கே எழுதத்தக்க செய்தி. ஓடைக்கரையில் கல்லாய் மாறிய சிப்பிகளைக் கண்டு, அவை எவையென அறிய வாரணவாசி அருங்காட்சியகத்திற்கு நடையாய் நடக்கும் சிறுவனின் ஆர்வமும் அவ்வாறே.

"அமெரிக்கா எங்கே, நாம் எங்கே?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அரியானாவிலுள்ள அசோகா பல்கலைக்கழகமும் மாணவரின் ஈடுபாடுகளைக் கேட்டறிகிறது. குடும்ப வருவாய்க்கேற்பக் கட்டணத்தையும் குறைக்கிறது. கேட்டுப் பார்த்தவர் நம் பங்குகளில் மிகச் சிலரே.

ஆகவே, பதினொன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். என்ன செய்தோம், எத்தனை மாதம், வாரம் எத்தனை மணி என்று உள்ளபடி எழுதட்டும். ஒரு மணியை மூன்றாக்க வேண்டா. பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்த ஆண்டுகளுக்குச் சான்று வேண்டுவோர் பங்கு அலுவலகத்திற்கு வரலாம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.