அட்டை தூக்குவதில்லை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா வீட்டுக்கு எப்போது போனாலும் ஆட்களுக்கு முன்னால் தறிச் சத்தம்தான் வாசலுக்கு வந்து கூப்பிடும். கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டுச் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும். தறிக்கு நாலடி தள்ளி ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுதான் தம்பியின் கடை. சேலையைக் கேமரா முன்னால் விரித்து, முந்தானையைப் புரட்டிக் காட்டி, கோயம்புத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் வீடியோ காலில் விற்கிறான்.

ஒருநாள் போனில் புலம்பினான். "அண்ணே, சேலை எல்லாருக்கும் நல்லா தெரியுது. நான் பேசறதுதான் கேக்கலயாம். கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்காம். கொடுமை என்னன்னா, அப்பா தறி போடறது மட்டும் கணீர்னு கேக்குதாம்."

போய்ப் பார்த்தேன். வாய்க்கு முன்னால் குச்சிபோல் மைக் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட்செட். செல்போனுக்கு வாங்கியதாம், அதில் பிரமாதமாகப் பேசுமாம். அதைக் கம்ப்யூட்டரில் மைக்குக்கான ரோஸ் நிற ஓட்டையில் செருகியிருந்தான். எதிராளியின் குரலைக் கேட்க மேசைமேல் ஸ்பீக்கர். என்னைக் கூப்பிடுவதற்குமுன் அவன் செய்யாத வைத்தியம் இல்லை. ஒலியளவு நூறு. அதற்குக் கீழே இருக்கும் 'மைக்ரோபோன் பூஸ்ட்' முப்பது டெசிபல், அதாவது கடைசிக் கோடு.

அந்த முப்பதில்தான் தறி கணீரென்று கேட்டதன் ரகசியம் இருந்தது. டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கு அல்ல. இருபது டெசிபல் ஏற்றினால் மின்னழுத்தம் பத்து மடங்கு. முப்பது ஏற்றினால் ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு. பெருக்கும் சுற்றுக்கு எது பேச்சு, எது மின்விசிறி, எது வயரில் ஏறிவரும் ஐம்பது ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்று தெரியாது. வந்ததையெல்லாம் சமமாக ஊதிப் பெருக்கிவிடும். குரல் வந்து சேரும்போதே நைந்திருந்தால், பூஸ்ட் ஏற்ற ஏற்ற இரைச்சலுக்குத்தான் கொண்டாட்டம்.

நைந்துபோவதற்குக் குரலில் இருப்பதே கொஞ்சம்தான். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால், அந்தப் பேச்சு காற்றில் உண்டாக்கும் அழுத்த மாற்றம் சுமார் 0.02 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்குச் சற்று மேல். அதாவது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு அசைவைத்தான் நாம் பேச்சு என்கிறோம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் அது பாதியாகும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரக் குச்சி வைத்ததே இதனால்தான். அந்தக் குச்சி நெற்றிப் பக்கம் திரும்பியிருந்தாலோ, துளை வெளியே பார்த்திருந்தாலோ பாதிக் குரல் போயிற்று. அதையெல்லாம் பார்த்தேன். துளை வாயைப் பார்த்தே இருந்தது. வயரில் உள்ள சின்ன ஊமைப் பொத்தானும் சரியாகவே இருந்தது.

பாவில் ஓர் இழை அறுந்தால் சித்தப்பா பதறமாட்டார். விழுதில் அறுந்ததா, அச்சில் அறுந்ததா என்று ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போவார். நானும் அப்படியே போனேன். திரையில் மைக் அளவைக் காட்டும் பச்சைப் பட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, மைக் குச்சியின் நுனியை நகத்தால் தட்டினேன். பட்டை அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். ம்ஹும். அலுத்துப்போய் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கும்போது இடது காது மூடி மேசையில் இடித்தது. பட்டை துள்ளி உச்சிக்குப் போனது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி இடது காதைத் தட்டினேன், துள்ளியது. மைக்கைத் தட்டினேன், மௌனம். இத்தனை நாளும் இந்தக் கம்ப்யூட்டர் தம்பியின் குரலை வாங்கிக்கொண்டிருந்தது மைக் வழியாக அல்ல, காது வழியாக.

காதில் வைக்கும் ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தம், அதனருகே கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு. மின்சாரம் வந்தால் சுருள் அசையும், தகடு அதிரும், ஒலி பிறக்கும். இதைத் திருப்பிப் போட்டாலும் நடக்கும்: ஒலி வந்து தகட்டை அசைத்தால், காந்தத்தருகே அசையும் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் பாரடே கண்டது இதைத்தான். கிரகாம் பெல்லின் தொலைபேசி இந்த இருவழிக் குணத்தை நம்பித்தான் பிழைத்தது. 1877இல் புழக்கத்துக்கு வந்த ஆரம்பக் கருவிகளில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே குழல்தான். வாயில் வைத்துப் பேசிவிட்டுச் சட்டென்று காதுக்கு மாற்ற வேண்டும். அப்போதும் புகார் இதேதான்: குரல் சன்னமாக இருக்கிறது, கத்த வேண்டியிருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் தம்பி, தனக்கே தெரியாமல், பெல்லின் தொலைபேசியைக் கட்டியிருந்தான்.

அந்தக் கருவியில் ஏன் குரல் சன்னம்? பேசுபவரின் குரலே அங்கே மின்சாரம் முழுவதையும் உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. அந்த ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு அசைவு கம்பியைத் தாண்டி ஊர் போய்ச் சேர வேண்டும். எடிசன் 1877இல் வேறு வழி கண்டார். தகட்டுக்குப் பின்னால் கரியை வைத்தார். குரல் கரியை அமுக்கும்போது அதன் மின்தடை குறையும், விடும்போது கூடும். மின்சாரத்தைக் கொடுப்பது பேட்டரி. குரலின் வேலை குழாயைத் திறந்து மூடுவது மட்டும். தொலைபேசி உரக்கப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது தறி நின்றது. சித்தப்பா குழிக்குள்ளிருந்தே மேலே தொங்கும் அட்டையைக் காட்டினார்.

"இந்த அட்டை மாதிரின்னு சொல்லு. அட்டை இழையைத் தூக்குதா? தூக்கறது என் காலு. எந்த இழையைத் தூக்கணும்னு சொல்றதுதான் அட்டை."

1804இல் ஜக்கார்டு செய்த காரியத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. மிதியை அழுத்தினால் பெட்டிக்குள் கொக்கிகள் மேலே போகின்றன. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்துக் கொக்கி போகும், இல்லாத இடத்துக் கொக்கி நிற்கும். காகித அட்டைக்குப் பாவைத் தூக்கும் பலம் ஏது? பலம் காலில். நல்ல மைக்கில் குரல் என்பது அட்டை. கால் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

ஹெட்செட் மைக்குக்குள் இருப்பது ஒரு சின்ன உலோகக் குப்பி, ஏறத்தாழ பட்டாணி அளவு. அதற்குள் சுமார் பத்து, இருபது மைக்ரான் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் படலம். பட்டுப்புழு துப்பும் இழைக்குள் இரட்டையாக ஓடும் நாரில் ஒன்றின் பருமனும் ஏறத்தாழ பத்து மைக்ரான்தான். பட்டுக்கும் இந்தப் படலத்துக்கும் உறவு பருமனோடு நிற்கவில்லை. 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே மின்சாரத்தைச் சணல் கயிற்றின் வழியே நெடுந்தூரம் அனுப்பிப் பார்த்தபோது, கயிற்றைத் தொங்கவிடப் பட்டு நூலைப் பயன்படுத்தினார். ஒரு தடவை பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அவசரத்துக்கு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்சாரம் மறுமுனைக்குப் போய்ச் சேரவே இல்லை. பித்தளை வழியே நழுவிப் போய்விட்டது. பட்டு மெலிந்திருப்பதால் மின்சாரத்தைக் கசியவிடாமல் இருக்கவில்லை, அது பட்டாக இருப்பதால்தான் என்று அவருக்குப் புரிந்தது. எது மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாது என்று பிரித்தறிந்த ஆரம்பப் பாடங்களில் இது ஒன்று. காய்ந்த நாளில் பட்டுச் சேலையை உதறி மடிக்கும்போது கை மயிர் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மின்னூட்டம் வந்தால் பட்டு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரமாவது.

கொஞ்ச நேரம் என்பதைப் பல பத்தாண்டுகளாக மாற்றினால் அதுதான் எலக்ட்ரெட். காந்தம் நிரந்தரமாகக் காந்தத்தன்மையைத் தாங்குவதுபோல மின்னூட்டத்தைத் தாங்கும் பொருள் இருக்கலாம் என்று 1885இல் அந்தப் பெயரை வைத்தவர் ஆலிவர் ஹெவிசைட். 1919 வாக்கில் ஜப்பானின் மோட்டோடாரோ எகுச்சி, உருகிய மெழுகை வலுவான மின்புலத்துக்குள் வைத்து உறையவிட்டு ஒன்றைச் செய்தும் காட்டினார். ஆனால் மைக்குக்கு அது ஒத்துவர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை நல்ல மைக் என்றால் மின்தேக்கி மைக். அதை உயிரோடு வைக்க இருநூறு வோல்ட் போல வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

1950களில் ஒரு கோடை விடுமுறையில் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற கறுப்பின அமெரிக்க மாணவர் பெல் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு வந்திருந்தார். காது எவ்வளவு நுணுக்கமான கால இடைவெளியைப் பிரித்தறியும் என்று சோதிப்பவர்களுக்காக, பிளாஸ்டிக் படலம் வைத்த ஹெட்போன் செய்துகொடுத்தார். அதற்கு உயர் மின்னழுத்தப் பேட்டரி வேண்டும். நாளாக நாளாக ஒலி குறைந்தது. காரணம் தேடும்போது பேட்டரியை அவிழ்த்துவிட்டார். ஒலி நிற்கவில்லை. மின்னூட்டம் படலத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த கெர்ஹார்ட் செஸ்லரோடு சேர்ந்து, பிளாஸ்டிக் படலத்தில் 1962இல் எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார், 1964இல் காப்புரிமை. அவர் ஒலி குறைந்த ஹெட்போனைச் சரிசெய்யப் போய்த்தான் இத்தனையும் கிடைத்தது என்பதைத் தம்பியிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

ஆக, படலத்தில் மின்னூட்டம் ஏற்கெனவே உறைந்திருக்கிறது. குரல் பட்டு அது மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அசையாது. அந்த அசைவிலேயே மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஆனால் அது ஒரு வயரைத் தள்ளிக்கொண்டு போகத் திராணியற்றது. அதனால் குப்பிக்குள்ளேயே ஒரு டிரான்சிஸ்டரை வைத்தார்கள். அதற்கு வேண்டிய இரண்டு, மூன்று வோல்ட்டைக் கம்ப்யூட்டர் ரோஸ் ஓட்டை வழியாக, மைக் வரும் அதே வயர்களில் அனுப்புகிறது. சித்தப்பா சொன்ன கால் இதுதான். அந்த வோல்ட் கிடைக்காத மைக் மிதி இல்லாத ஜக்கார்டு.

தம்பியின் ஹெட்செட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை? பின்னைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று கறுப்பு வளையங்கள், அவை பிரிக்கும் நான்கு உலோகத் துண்டுகள். இப்போதைய செல்போன்களில் பெரும்பாலும் நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது பொது வயர், அடிப்பகுதி மைக். கம்ப்யூட்டரின் ரோஸ் ஓட்டையோ மூன்று துண்டுப் பின்னுக்கு வெட்டியது; மைக்கை அது நுனியில் எதிர்பார்க்கும். அங்கே வந்து உட்கார்ந்தது இடது காது. உள்ளே இருந்த தகடு கடைசி இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் தொட்டு மைக்கை அடைத்துவிட்டது.

சித்தப்பா பின்னை வாங்கி, கறுப்பு வளையங்களை நகத்தால் எண்ணினார். "கோர்வை தப்பியிருக்கு" என்றார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இழைக்கு இழை பிணைக்கும் இடத்துக்குத்தான் இந்த ஊரில் கோர்வை என்று பெயர். அதில் ஓர் இழை மாறினால் சேலை முழுக்க மாறும்.

கடைத்தெருவில் ஒய் வடிவ வயர் ஒன்று வாங்கினோம். ஒரு பக்கம் நான்கு துண்டுப் பின்னுக்கான துளை, மறுபக்கம் காதுக்கான பச்சை ஓட்டைக்கு ஒரு பின், மைக்குக்கான ரோஸுக்கு ஒன்று. செருகினோம். மைக்கைத் தட்டினேன், பட்டை துள்ளியது. பூஸ்ட்டை முப்பதிலிருந்து பத்துக்கு இறக்கினேன். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் அடங்கியது.

மாலையில் சிங்கப்பூர் அம்மாள் ஒருவர் அழைத்தார். அரக்கு உடல், பச்சைக் கரை கேட்டிருந்தவர். தம்பி சாதாரணக் குரலில் பேசினான். மூன்று நிமிடம் பேசியபின் அந்த அம்மாள் கேட்டார்: "ஏன் தம்பி, அப்பா இன்னிக்குத் தறி போடலயா?"

சித்தப்பா மிதியை அழுத்திக்கொண்டுதான் இருந்தார். தம்பி ஹெட்செட்டைக் கழற்றி, மைக் குச்சியைத் தறிப் பக்கம் நீட்டினான்.