மூலமட்டம் முதல் மலையூர் வரை: மின்மாற்றியின் பணி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைப்பகுதியில், ஏலத்தோட்டங்களுக்கிடையே அமைந்துள்ள ஊர் சக்குபள்ளம். இதே மாவட்டத்தைச் சேர்ந்த மூலமட்டத்தில், மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட இடுக்கி நீர்மின் நிலையம் 1976 பிப்ரவரி 12 அன்று பிரதமர் இந்திரா காந்தியால் தொடங்கி வைக்கப்பட்டது. தலா 130 மெகாவாட் திறனுள்ள ஆறு மின்னாக்கிகளைக் கொண்ட இதன் மொத்தத் திறன் 780 மெகாவாட். எனினும், மின்சாரம் பிறக்கும் மாவட்டத்தில் இருப்பதால் மட்டுமே ஒரு வீட்டு விளக்கு ஒளியுடன் எரிந்துவிடாது. இடையில் மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் தருவதற்கு மின்மாற்றி தேவைப்படுகிறது.

அழுத்தத்தை ஏற்றுவது ஏன்? மின்திறன், அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்குவதால் கிடைப்பது. கம்பியில் வெப்பமாக வீணாகும் திறனோ மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. மூலமட்டத்தில் 11,000 வோல்ட்டில் உற்பத்தியாகும் மின்சாரம் 2,20,000 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பப்படுகிறது. அழுத்தம் 20 மடங்கு உயரும்போது, அதே திறனுக்குரிய மின்னோட்டம் 20-இல் ஒரு பங்காகக் குறைகிறது. அதே கம்பியில் ஏற்படும் இழப்பு 400-இல் ஒரு பங்காகிறது.

இம்மாற்றத்திற்கு அடிப்படை, மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். மெல்லிய சிலிக்கன் எஃகுத் தகடுகளை அடுக்கிய உள்ளகத்தின்மீது இரு கம்பிச் சுருள்கள் சுற்றப்படுகின்றன. முதற்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது உள்ளகத்தின் காந்தப்புலம் இடைவிடாது மாறுகிறது. அம்மாற்றம் இரண்டாம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. முதற்சுருளில் 50 சுற்றும் இரண்டாவதில் 1,000 சுற்றும் இருப்பின் அழுத்தம் 20 மடங்காகும். சுருள்களை இடம் மாற்றி இணைத்தால் அதே விகிதத்தில் தாழும். மாறாத நேர்திசை மின்னோட்டத்தில் இது நிகழாது. சுருள்களைச் சூழ்ந்துள்ள எண்ணெய் வெப்பத்தை அகற்றுவதோடு மின்காப்பாகவும் பயன்படுகிறது.

துணை மின்நிலையங்களில் படிப்படியாக 11,000 வோல்ட்டுக்கு இறங்கும் மின்சாரம், ஊரிலுள்ள மின்மாற்றியில் மீண்டும் தாழ்த்தப்பட்டு, வீடுகளுக்கு 230 வோல்ட்டாக வழங்கப்படுகிறது. மலையூர்களில் சிக்கல் இங்குதான் எழுகிறது. வீடுகள் சரிவுகளில் சிதறிக் கிடப்பதால் தாழ்வழுத்தக் கம்பிகள் நெடுந்தொலைவு செல்ல நேர்கிறது. தாழ்ந்த அழுத்தத்தில் மின்னோட்டம் மிகுதி. எனவே கடைக்கோடி வீட்டை அடையுமுன் அழுத்தம் கணிசமாகக் குறைகிறது. விளக்கு மங்குகிறது, கோடையில் ஏலத்திற்கு நீர் இறைக்கும் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிக் கருகவும் கூடும்.

இதற்குத் தீர்வு, 11,000 வோல்ட் கம்பியைக் குடியிருப்புகளின் அருகே கொண்டுசென்று, ஒரு பெரிய மின்மாற்றிக்குப் பதிலாகப் பல சிறிய மின்மாற்றிகளை நிறுவுவதாகும். இதற்கும் விலை உண்டு. முதலீடு கூடுகிறது, விளக்கே எரியாத வேளையிலும் ஒவ்வொரு மின்மாற்றியின் உள்ளகமும் சிறிதளவு மின்சாரத்தை வீணாக்குகிறது. ஆகவே பயன்பாட்டின் அளவையும் வீடுகளின் தொலைவையும் கணக்கிட்டே இடம் தெரிவு செய்யப்பட வேண்டும்.

வீடுகள் அனைத்தும் மின்னிணைப்புப் பெற்றுவிட்டதாகக் கேரளம் 2017-இல் அறிவித்தது. இணைப்பு தந்தபின், கடைசிக் கம்பத்தில் எத்தனை வோல்ட் கிடைக்கிறது என்பதை அளந்து, மின்மாற்றியின் சுமையையும் எண்ணெயையும் காலந்தோறும் சோதிப்பது நிர்வாகத்தின் தொடர்ந்த கடமையாகும்.