பிழையைப் படிக்கும் எந்திரமும் தாராவியின் மொழிகளும்

52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று விடை எழுதும் மாணவர், எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தாமே வகுத்துக்கொண்ட ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார். இத்தகைய ஒழுங்கான பிழைகளை இனங்கண்டு, அந்த மாணவருக்கு மட்டும் பொருந்தும் அடுத்த பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதே இணையவழிக் கல்வியில் செயற்கை நுண்ணறிவின் தலையாய பணியாகும். இதற்கான கணக்கீட்டு முறைகளுள் ஒன்றான 'அறிவுத் தடமறிதல்', 1990களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்பெட், ஆண்டர்சன் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டது. ஒரு திறன் மாணவருக்கு முன்பே தெரிந்திருத்தல், பயிற்சியின்போது கைவருதல், தெரியாமலே ஊகித்துச் சரியாக எழுதுதல், தெரிந்தும் தவறிவிடுதல் என்ற நான்கு நிகழ்தகவுகளை வைத்து, ஒவ்வொரு விடைக்குப் பின்னும் மாணவரின் நிலை குறித்த மதிப்பீட்டை அது திருத்திக்கொள்கிறது.

நிலையறிந்து கற்பிக்கும் இந்த நெறியை மும்பை நகரம் மனிதர்களைக் கொண்டே சோதித்துப் பார்த்திருக்கிறது. நகரின் குடிசைப் பகுதிகளில் 1990களில் தோன்றிய பிரதம் அமைப்பு, பின்தங்கிய மாணவர்களை வகுப்பிலிருந்து சிறு குழுவாகப் பிரித்து, அவர்கள் சமூகத்தைச் சேர்ந்த இளம்பெண்களான 'பால்சகி'களைக் கொண்டு எழுத்தறிவும் எண்ணறிவும் கற்பித்தது. மும்பையிலும் வதோதராவிலும் இதை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் 2007இல் வெளியிட்ட முடிவுகள், இத்திட்டம் பயன் தந்ததை உறுதிசெய்தன. வதோதராவில், மாணவரின் திறனுக்கேற்பக் கடினம் கூடிக் குறையும் கணினி விளையாட்டுகளும் கணித மதிப்பெண்ணைக் கணிசமாக உயர்த்தின. பின்னர் தில்லியில், இதேபோல் மாணவரின் நிலைக்கேற்பக் கற்பிக்கும் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளைக் கார்த்திக் முரளிதரன் குழுவினர் ஆய்ந்தபோது, ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தது தெரியவந்தது. பாடநூலை வரிசையாக நடத்தும் ஆசிரியர் எவ்வளவு உழைத்தாலும் இந்த இடைவெளியை எட்ட இயலாது. அங்கும் நாள்தோறும் 45 நிமிடம் மென்பொருளும், அடுத்த 45 நிமிடம் பயிற்றுநரின் குழு வகுப்பும் இணைந்தே நடந்தன என்பதை எந்திரத்தை மட்டும் போற்றுவோர் மறந்துவிடலாகாது.

மும்பையின் தாராவியிலுள்ள தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இம்முறையைக் கொண்டுவருகையில் வேறொரு சிக்கல் எழுகிறது. முப்பத்தைந்து என்ற தமிழ்ச் சொல்லில் பத்தின் இடம் முதலில் வர, அதே எண்ணுக்குரிய இந்தி, மராத்திச் சொற்களில் ஒன்றின் இடமே முதலில் ஒலிக்கிறது. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் கேட்டு வளரும் குழந்தை 35ஐ 53 என்று எழுதினால், அது இடமதிப்பு விளங்காததாலா, இரு மொழிகள் குறுக்கிட்டதாலா என்பதை ஒருமொழிச் சூழலில் பழக்கப்பட்ட மென்பொருள் பிரித்தறியாது. தேவையற்ற பாடத்துக்கே அக்குழந்தையை மீண்டும் மீண்டும் அனுப்பும். சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' ஆய்வகம் 2023இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் கையாள்வதால், வினாக்களைத் தமிழாக்குவது இப்போது எளிதாகியிருக்கிறது. ஆனால் மொழிபெயர்த்த வினாவோடு பிழையின் காரணமும் சேர்ந்து வருவதில்லை. அதைத் தாராவியிலும் செம்பூரிலும் பிள்ளைகளின் நோட்டுகளை ஆண்டுக்கணக்கில் திருத்திவரும் ஆசிரியர்களிடமிருந்தே முதலில் திரட்ட வேண்டியிருக்கிறது.