ஒரே நினைவுத்தூபியின் முன் இரு தேசத்தவர்

நவம்பர் 11ஆம் திகதி முற்பகலில் பிரான்ஸின் கிராமங்களில் ஏறத்தாழ ஒரே விதமான நிகழ்வே இடம்பெறுகின்றது. மூவர்ணப் பட்டி அணிந்த மேயர் ஊர் நடுவேயுள்ள நினைவுத்தூபியின் முன் மலர்வளையம் வைப்பார். அதில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, "பிரான்ஸுக்காக உயிர்நீத்தவர்" என்று பதிலுரைக்கப்படும். அண்மைய தசாப்தங்களில் இக்கூட்டத்தினரிடையே நெஞ்சில் சிவப்பு பொப்பி மலர் அணிந்த அயலவர்களும் காணப்படுகின்றனர். இவர்கள் பிரான்ஸில் குடியேறி வாழும் பிரித்தானியர்களாவர்.

பிரான்ஸில் சுமார் ஒன்றரை இலட்சம் பிரித்தானியர் வாழ்வதாகக் கணிக்கப்பட்டுள்ளது. தோர்தோன், ஷராந்த், பிரித்தானி போன்ற கிராமப்புறப் பிரதேசங்களில் வீடு வாங்கிக் குடியேறியோரில் ஓய்வுபெற்றவர்கள் கணிசமானோர். அயலவருடன் உரையாடப் போதிய பிரெஞ்சு மொழி தெரியாதவருக்குங்கூட, மௌனமாக நிற்கும் இந்த நிகழ்வில் இடமுண்டு. றோயல் பிரித்தானிய லீஜன் என்னும் முன்னாள் படையினர் நலன்புரி அமைப்பின் கிளைகளும் பிரான்ஸில் இயங்குகின்றன.

இரு நாடுகளும் ஒரே யுத்தத்தை நினைவுகூர்ந்தாலும் அதற்கான முறைகள் வேறுபட்டவை. 1918இல் யுத்தநிறுத்தம் நடைமுறைக்கு வந்த நவம்பர் 11ஆம் திகதி, பிரான்ஸில் 1922ஆம் ஆண்டு முதல் பொது விடுமுறை தினமாகும். பிரித்தானியாவிலோ பிரதான வைபவம் நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலேயே நடைபெறுகின்றது. பிரித்தானியரின் சின்னம் பொப்பி. பிரெஞ்சுக்காரரின் சின்னம் 'புளுவே' எனப்படும் நீலநிற வயற்பூ. எனினும், பொப்பி மலரைப் பிரித்தானியாவில் அறிமுகம் செய்வதில் முன்னின்றவர் அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணியே. 1921இல் அங்கு விற்கப்பட்ட செயற்கைப் பொப்பி மலர்கள் பிரான்ஸில் செய்யப்பட்டவையாகும்.

இந்த வேறுபாட்டின் வேர் இறந்தோரின் உடல்கள் எங்கே உள்ளன என்பதில் இருக்கின்றது. முதலாம் உலக யுத்தத்தில் பிரான்ஸ் சுமார் 14 இலட்சம் படையினரை இழந்தது. ஏறத்தாழ 36,000 ஊர்களில் நினைவுத்தூபிகள் எழுந்தன. பிரித்தானியப் பேரரசோ, இறந்த படையினரின் உடல்களைத் தாயகம் கொண்டுசெல்லத் தடை விதித்திருந்தது. வீழ்ந்த மண்ணிலேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். அதற்கான நிலத்தை நிரந்தரமாக வழங்க 1915 டிசம்பரில் பிரான்ஸ் சட்டம் இயற்றியது. சோம் பிரதேசத்தின் தியெப்வாலில், கல்லறை அறியப்படாத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் 1932இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின்புறத்தில் 300 பிரெஞ்சுப் படையினரும் 300 பொதுநலவாயப் படையினரும் அருகருகே துயில்கின்றனர்.

இக்கல்லறைகளைப் பராமரிக்க வந்த முன்னாள் பிரித்தானியப் படையினர் பலர், பிரெஞ்சுப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். 1940இல் ஜேர்மன் படைகள் பிரான்ஸைக் கைப்பற்றியபோது அவர்களுட் பலர் தடுத்துவைக்கப்பட்டனர். சிலர் எதிர்ப்பியக்கத்துக்குத் துணைநின்றனர். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் வீழ்த்தப்பட்டு இறந்த பிரித்தானிய வான்படையினர் பலரும் பிரெஞ்சுக் கிராம மயானங்களில் புதைக்கப்பட்டனர். அக்கல்லறைகளுக்கு மலர் வைத்தவர்கள் ஊர் மக்களே. அந்நியரின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொண்டாடிய அம்மக்களுக்கு, அவர்களின் தூபி முன் தலைவணங்குவதே பிரித்தானியக் குடியிருப்பாளர் செலுத்தக்கூடிய கைம்மாறு எனலாம்.

ஆயினும், பகிரப்படும் நினைவு அனைத்தும் இனிமையானதன்று. 1940 ஜூலை 3ஆம் திகதி அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபிர் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கடற்படையைப் பிரித்தானியா தாக்கியது. அக்கப்பல்கள் ஜேர்மனியரிடம் சிக்கிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அதில் 1,200க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கடற்படையினர் மாண்டனர். 1945 ஜனவரி 5ஆம் திகதி பிரித்தானிய விமானங்கள் நடத்திய குண்டுவீச்சில் ருவாயான் நகரம் தரைமட்டமாகி, 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் பலியாகினர். இன்று பிரித்தானியர் விரும்பிக் குடியேறும் மேற்குப் பிரான்ஸிலேயே அந்நகரம் அமைந்துள்ளது. இறந்தவர்களைக் கொன்ற குண்டு நேசநாட்டினுடையது என்பதை மறைக்காது கூறக்கூடிய இடத்தில்தான் கூட்டு நினைவுகூரல் பொருள் பெறுகின்றது.

யாருடைய பெயர் தூபியில் உள்ளது என்ற வினாவும் முக்கியமானது. வட பிரான்ஸின் நெவ் ஷப்பேலில் 1927இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம், பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் 4,700க்கும் மேற்பட்ட இந்து, முஸ்லிம், சீக்கிய படையினரைப் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றது. அங்கு அரபு, ஹிந்தி, குர்முகி எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. பிரான்ஸுக்காக உயிர்நீத்த முஸ்லிம் படையினருக்கான நன்றியறிதலாக 1926இல் பாரிஸ் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. நினைவு ஒரு சாராருக்கே உரியதாகும்போது மனக்குறை தோன்றுவதை நமது நாடும் அறியும். பொப்பி மலர் நிதியின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே செல்கின்றது என்ற அதிருப்தியால், 1930களின் தொடக்கத்தில் அதே தினத்தில் பூவரசம் பூவை விற்கும் 'சூரிய மல்' இயக்கம் இலங்கையில் எழுந்தது.

2020 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதும், பிரான்ஸில் வாழும் அதன் பிரஜைகள் உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையையும் போட்டியிடும் உரிமையையும் இழந்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத் தேர்தலில், அதுவரை பதவி வகித்த 700க்கும் மேற்பட்ட பிரித்தானிய உறுப்பினர்கள் மீண்டும் போட்டியிட இயலாது போயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோருக்கு அவ்வழி திறந்திருந்தது. ஊர்மன்றத்தில் ஆசனம் இழந்தவருக்கும் ஊர்த்தூபியின் முன் இடம் மறுக்கப்படவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

வாக்குரிமை சட்டத்தால் வழங்கப்படுவது, சட்டத்தால் பறிக்கப்படக்கூடியது. அயலவரின் துயரில் பங்குகொள்ளும் உரிமையோ, அந்த அயலவர் மனமுவந்து அளிப்பது. தனது இறந்தோரை மறக்காமலும் மற்றவரின் இறந்தோரை மறுக்காமலும் ஒரே இடத்தில் நிற்க முடியும் என்பதை, சிவப்புப் பூவும் நீலப் பூவும் அருகருகே வைக்கப்படும் அந்தச் சிறு கிராமங்கள் ஆண்டுதோறும் மெய்ப்பித்து வருகின்றன.