நெடுந்தீவுக் குதிரைகள்: காத்திருக்க ஆளில்லாத பிரசவங்கள்

திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் திரிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நெடுந்தீவின் காட்சி அவ்வளவு விசித்திரமாக இராது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். தீவின் தென்பகுதிக்குப் போனால் வெட்டவெளியில் குதிரைகள் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. இலங்கையில் குதிரைகள் இப்படிக் கட்டாக்காலிகளாகப் பெருகி வாழும் இடங்கள் மிகச் சில. அவற்றில் பெயர்பெற்றது நெடுந்தீவு.

ஆனால் இவை காட்டில் தோன்றிய விலங்குகள் அல்ல. பண்ணைக் குதிரைகளின் வழிவந்தவை. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி, ஒல்லாந்தர் காலத்தில் இங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. சுற்றிலும் கடல் இருந்ததால் குதிரைகள் ஓடிப்போக வழியில்லை. பிரித்தானியரும் அதைத் தொடர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்ற அதிகாரி இந்தப் பண்ணைக்குப் பொறுப்பாக இருந்தார். பின்னர் பண்ணை கைவிடப்பட்டது. லாயத்தின் கற்தூண்களும் குதிரைகளும் மிஞ்சின.

பண்ணையில் ஏன் காத்திருக்கிறார்கள்?

குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாட்கள். 320 நாளில் ஈனுவதும் உண்டு, ஒரு வருடம் செல்வதும் உண்டு. ஆகவே நாட்காட்டியை நம்ப முடியாது; உடலைத்தான் பார்க்க வேண்டும். ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் மடி பெருக்கும். கடைசி ஓரிரு நாட்களில் காம்பு நுனியில் மெழுகுபோல ஒரு துளி திரண்டு நிற்கும். வாலடி தளரும். பாலில் கல்சியத்தின் அளவு உயரும். அதைச் சோதித்து நேரத்தைக் கணிக்கும் பண்ணைகளும் உண்டு.

பெரும்பாலான குதிரைகள் இரவில்தான் ஈனும். ஆள் நடமாட்டம் இருந்தால் பிரசவத்தைச் சற்றுத் தள்ளிப்போடவும் அவற்றால் முடியும். அதனால்தான் காவலிருப்பவர்கள் தொலைவில் இருந்து, இப்போது கமராவிலும், பார்க்கிறார்கள்.

பன்னீர்க்குடம் உடைந்த பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். 20 முதல் 30 நிமிடங்களில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். பசுவுக்கு இதைவிட நீண்ட அவகாசம் உண்டு; குதிரைக்கு இல்லை. குட்டியின் தலையோ காலோ மடங்கியிருந்தால், அல்லது வெண்ணிறப் பைக்குப் பதிலாகச் சிவந்த பை முதலில் தெரிந்தால், கால்நடை வைத்தியர் வரும்வரை காத்திருக்கக்கூட நேரம் போதாமல் போகலாம்.

பிறந்த பின்னர் ஒரு எளிய கணக்கு: 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் இளங்கொடி விழ வேண்டும். குதிரையில் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதையும் ஏறத்தாழ முதல் 24 மணி நேரத்துக்குள்தான் குட்டியின் குடல் உறிஞ்சும்.

தீவில் என்ன நடக்கிறது?

நெடுந்தீவில் இதற்கெல்லாம் காவல் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் குதிரைகள் தாமாகவே ஈன்று, தாமாகவே குட்டிகளை எழுப்பி வந்திருக்கின்றன. பிரசவ வேளையில் மனிதர் விலகி நிற்பதே அவற்றுக்கு நல்லது. மனிதர் உண்மையில் தேவைப்படுவது வேறோர் இடத்தில்: தண்ணீரில்.

சினை 11 மாதம் என்றால் அதன் பொருள் இதுதான்: இனப்பெருக்கம் செய்யும் பெண்குதிரை எந்த வருடத்திலும் கோடையைச் சினையாகவோ குட்டியோடோதான் கடக்க வேண்டும். ஈன்று 7 முதல் 10 நாட்களுக்குள் அது மறுபடியும் சினைக்குத் தயாராகிவிடும். எனவே ஒரு குட்டி மடியிலும் மற்றொன்று வயிற்றிலுமாக இருப்பது சாதாரணம். ஈன்ற முதல் மாதங்களில் தாய் தன் உடல் எடையில் சுமார் 3 சதவீத அளவு பாலை நாள்தோறும் சுரக்கிறது. 250 கிலோ எடையுள்ள சிறிய குதிரைக்கு இது 7 லீற்றருக்கு மேல். அந்தப் பாலுக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி அது குடிக்கும் தண்ணீரிலிருந்தே வர வேண்டும்.

நெடுந்தீவில் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை குளங்களிலும் கேணிகளிலும் விட்டுச் செல்வதுதான் மிச்ச வருடத்துக்கும். மக்களுக்கே குடிநீர் நெருக்கடி உள்ள தீவு. வறட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் இறந்து கிடந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். தாய்க்குத் தண்ணீர் குறைந்தால் பால் குறையும். பாலையே நம்பியிருக்கும் இளங்குட்டிக்கு வேறு வழியில்லை.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நிலத்தைக் காக்கலாம், தண்ணீரைக் கொண்டுவராது. மழைக்கு முன்பே குளங்களைத் தூர்வாருவதும், கோடை முற்றுவதற்கு முன்பே தொட்டிகளை நிரப்பத் தொடங்குவதும்தான் இங்கே பிரசவ காலப் பராமரிப்பு. குதிரைகள் விழத் தொடங்கிய பிறகு பவுசர் அனுப்புவது தாமதமான வைத்தியம்.

பார்க்கப் போகும் நாமும் ஒன்று செய்யலாம். மடி பெருத்த குதிரையையோ புதுக்குட்டியையோ கண்டால் படம் எடுக்க நெருங்காமல், நீர்நிலைக்குப் போகும் வழியை மறிக்காமல், தள்ளி நிற்கலாம்.